கயிற்றுக்குள் நின்றவன்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலம் என்று ஆரம்பித்தால் நீ நம்பமாட்டாய். வரிகள் மேலே ஏறிப் போவதைப் பார்த்தே நான் படுத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று கண்டுபிடித்திருப்பாய்.

அத்தான் போனில் சொல்லியிருப்பார். காலில் அடி. இந்தத் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டி நிறுத்தும்போது கயிறு அறுந்து வீசிவிட்டது. கொடிக் கயிறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே. ஒரு ஆளின் தொடை கனம் இருக்கும். வின்ச் இயந்திரம் அதை முறுக்கி இழுக்கும்போது அறுந்தால், எதிரே இருப்பது இரும்பா எலும்பா என்று பார்க்காது. தப்பு என் மேல்தான். வின்ச் நிற்பதற்கு முன்னால் கயிற்றுக்குள் போய் நின்றுவிட்டேன். கேப்டன் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

அத்தான்தான் என்னைத் தோளில் போட்டு ஏணி வரைக்கும் தூக்கி வந்தாராம். எனக்கு நினைவில்லை. கப்பல் கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். "வீட்ல நான் பேசிக்கிறேன்டா" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. டெக் மேஸ்திரியான அவர், எங்கள் போசன், பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. டெக்கில் பத்து ஆட்களை மேய்க்கிற குரல் அது.

இப்போது மாலுமிகள் இல்லத்தில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி ஏஜென்ட் விமான டிக்கெட்டோடு வந்தார். கூடவே ஒரு காகிதம்: இனி கம்பெனிமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. வீக்கம் வடியட்டும், பிறகு போடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன் வேண்டாம் அக்கா. இங்கே போன் வார்டன் மேஜையில் இருக்கிறது, சுற்றிலும் பத்துப் பேர் நிற்பார்கள். நீ அழுவாய், நானும் அழுவேன். கடிதம் எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

நான் அழுவேன் என்று எந்தத் தைரியத்தில் எழுதினாய்? கடைசியாக நான் அழுததை நீ எப்போது பார்த்தாய்? நீ அழுவாய் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

உன் அத்தான் போனில் ரொம்பச் சுருக்கமாகப் பேசினார். "கவனமில்லாம உள்ள போயிட்டான்" என்றார். எனக்கு உன் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சின்ன வயதில் பேருந்து நிற்பதற்குள் குதிப்பாய். அப்போதே முதுகில் நாலு வைத்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கடலில் இருந்தவனுக்கு எங்கே நிற்கக் கூடாது என்று தெரியாதா?

காலில் அடி என்றால் எவ்வளவு அடி? எலும்பா, சதையா? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் இருபது சொச்சம் வருஷமாக மற்றவர்கள் உடைத்துக்கொண்டு வருகிற காலையும் கையையும் காகிதத்தில் பார்க்கிறவள் நான். எழுதாமல் விட்டதைத்தான் முதலில் தேடுவேன்.

அந்தக் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. அதற்காக அங்கேயே உட்கார்ந்தும் விடாதே. உனக்குப் பேசி வைத்திருக்கிற பெண் வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். சின்ன அடி, கோடைக்குள் வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறேன். உன் மருமகள் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டுத் தூங்குகிறாள். மாமா வராவிட்டால் யார் என்னை எழுப்பிக் காப்பி போட்டுத் தருவார்கள் என்று கேட்கிறாள். உன்னைக் கெடுத்தது நான், அவளைக் கெடுத்தது நீ.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாவது நாளே. உன் முதல் கடிதம் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பெண் வீட்டாருக்கு நீயே சொல்லிவிடு. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் அறையில் இன்னொருவர் இருக்கிறார், நம் பாஷைக்காரர். வேறொரு கப்பலில் சமையல்காரர். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து இரண்டு கையும் வெந்துவிட்டன. அவருக்கு நான் சோறு ஊட்டுகிறேன். அவர் எனக்குத் தோள் கொடுத்துக் குளியலறைக்குக் கூட்டிப் போகிறார். "நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் கட்டினா முழுசா ஒரு மாலுமி தேறும்டா தம்பி. சம்பளம்தான் யாருக்குன்னு சண்டை வரும்" என்கிறார்.

இல்லத்துக்கு வாரம் ஒருமுறை ஒரு வக்கீலம்மா வருகிறார். கடலோடி வேலையில் அடிபட்டால், இந்த ஊர் கோர்ட்டில் கட்டணம் முன்பணம் எதுவும் கட்டாமல் வழக்குப் போடலாமாம். ஊர் விட்டு ஊர் வந்து கிடக்கிறவனிடம் காசு இருக்காது என்று சட்டத்துக்கே தெரியுமாம். நானும் சமையல்காரரும் போனோம். கவுன்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"என்ன தொழில்?"

"கப்பல்ல டெக் ஆள்."

முத்திரை குத்தினாள். நான் பழக்கதோஷத்தில் பைக்குள் கை விட்டேன்.

"காசெல்லாம் வேணாம். அடுத்த ஆள் வாங்க."

அடுத்த ஆள் சமையல்காரர். கட்டுப் போட்ட கைகளைத் தூக்கிக் காட்டி, "கையெழுத்துக்கு மூக்க வேணா மையில தோச்சு வெக்கட்டுமா?" என்றார். அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வெளியே வந்து, எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டாள்.

நடந்தது யார் தப்பாக இருந்தாலும் வைத்தியச் செலவும் சாப்பாடும் ஊர் திரும்பும் டிக்கெட்டும் கம்பெனி தந்தே ஆக வேண்டுமாம். காலுக்கான நஷ்ட ஈடு வேறு. அதற்குத் தப்பு கப்பல் பக்கம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டும். பார்க்கலாம். ஏஜென்ட் கொண்டுவந்த காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் மதியம் படித்தேன். பிறகு மேஜையில் இருந்த எல்லாக் கோப்புகளையும் அன்றே முடித்துவிட்டேன். மேலதிகாரி பாராட்டினார்.

பெண் வீட்டாருக்குச் சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் எழுது. காசு வாங்காத கோர்ட்டு என்கிறாய். அந்த வக்கீலம்மாவுக்கு யார் சம்பளம் கொடுப்பது? தோற்றால் உன் தலையில் என்ன விழும்? இலவசம் என்று எழுதிய ஒவ்வொரு காகிதத்துக்கும் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பத்தி இருக்கும், அதை எழுதுவதுதான் என் பிழைப்பு. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. தப்பு என்னுடையது என்று நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். அப்புறம் கப்பலின் தப்பை எங்கிருந்து நிரூபிப்பாய்? கவனமில்லாமல் நின்றுவிட்டு இன்னொருவரைக் கைகாட்டுகிறவனாக உன்னை நான் வளர்க்கவில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

உன் அத்தான் இந்த மாதக் கடைசியில் விடுப்பில் வருகிறார். அவரிடமே கேட்கிறேன்.

கட்டில் பக்கத்தில் தண்ணீர் எட்டும்படி வைத்துக்கொள். ராத்திரி தனியாக எழுந்திருக்காதே.

அக்கா


மே 6

தம்பிக்கு,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். இனி வீட்டுக்கு எழுதாதே. அலுவலக முகவரிக்கு எழுது.

உன் அத்தான் வந்து பத்து நாள் ஆகிறது. இளைத்துவிட்டார். உன் பெயரை எடுத்தால் தோட்டக் குழாயைச் சரி பண்ணப் போய்விடுகிறார். அந்தக் குழாயில் சரி பண்ண இனி ஒன்றுமில்லை.

நேற்று மொட்டைமாடிக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டி ஏற்றினார்கள். மேலே கப்பி கட்டி, கீழே இரண்டு ஆட்கள் கயிறு பிடித்து இழுத்தார்கள். தொட்டி பாதியில் சன்ஷேடில் சிக்கியது. ஒரு ஆள் இழுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, தொட்டிக்கு நேர் கீழே போய் நின்று கம்பால் தள்ளினான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற மற்றவனுக்கு அவன் நிற்பது தெரியாது. "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றில் கை வைத்தான்.

வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த உன் அத்தான் கத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது. "தொடாதடா! கை காட்றவன் எங்கடா? கை காட்ட ஆள் இல்லாம இழுப்பியா? உள்ள ஆள் நிக்கிறான்டா, உள்ள ஆள் நிக்கிறான்!"

அவன் பயந்துபோய்க் கயிற்றை விட்டே விட்டான். நல்ல வேளை, சன்ஷேடு தாங்கியது. "தொட்டி காலி சார், பிளாஸ்டிக்கு. எதுக்கு சார் இப்படிக் கத்துறீங்க?" என்றான். உன் அத்தான் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

ஆட்கள் போன பிறகு கேட்டேன்.

"அன்னைக்குக் கப்பல்ல கை காட்டினது யாரு?"

"அதான் அவனே எழுதிக் குடுத்துட்டானே."

"நான் கேட்டது அது இல்ல. கை காட்டினது யாரு?"

எழுந்து உள்ளே போய்விட்டார். இன்று காலையிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. உன் மருமகள் மட்டும் ரேடியோவோடு பேசுகிறாள்.

நீ சொல். யார் கை காட்டினார்கள்?

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

யாரும் கை காட்டவில்லை.

கப்பலின் பின்பக்க டெக்கில் மூன்று பேர் வேண்டும். வின்ச் ஓட்ட ஒருவர், கயிற்றுப் பக்கம் ஒருவர், இருவரும் தெரியும்படி நடுவில் நின்று கை காட்ட ஒருவர். ஒரு ஆள் காய்ச்சலில் ஊருக்குப் போனபோது கம்பெனி பதில் ஆள் அனுப்பவில்லை. அத்தான் கேப்டனிடம் இரண்டு தடவை கேட்டார். "சமாளிங்க போசன்" என்றார்கள். சமாளித்தோம். அன்று நானும் அத்தானும்தான்.

கயிறு ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டது. "நிறுத்துங்க அத்தான்" என்று கத்தினேன், வின்ச் நின்றது. உள்ளே போய் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ரேடியோவில் சீக்கிரம் சீக்கிரம் என்று அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்து ஓட்டிவிட்டார். கயிறு பழசு. அவ்வளவுதான்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். என்னைக் கப்பலில் ஏற்றிய முதல் நாளே அத்தான் சொல்லிக் கொடுத்தது: "மேல கேட்டா முதல்ல 'நான்தான்'னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." டெக்கில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். சுத்தியல் கடலில் விழுந்தாலும், பெயின்ட் டப்பா கவிழ்ந்தாலும், கேட்கப்பட்டவன் நான்தான் என்பான். போசன் போய் ஆபீசரிடம் பேசிச் சரிக்கட்டுவார். எத்தனை தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது கேப்டன் குனிந்து கேட்டார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தான் கேட்கவில்லை அக்கா, அவர் கேட்டுச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றார், மறுக்கவும் இல்லை.

வக்கீலம்மாவிடம் நான் இன்னும் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் கெட்டிக்காரர், கப்பலின் ஆள் பட்டியலைப் பார்த்துவிட்டார். "மூணு பேர் வேலைக்கு ரெண்டு பேர்தான் இருந்தீங்களா? அது போதும், ஜெயிச்சிடலாம்" என்கிறார். ஜூலை முதல் வாரம் என்னைச் சத்தியம் பண்ண வைத்துக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் கம்பெனி கொடுக்க வேண்டிவரும். கொடுத்துவிட்டு, கை காட்ட ஆள் இல்லாமல் வின்ச் ஓட்டினார் என்று அத்தானை இறக்கிவிடுவார்கள். ஐம்பத்து நாலு வயதில் அவரை வேறு எந்தக் கப்பலும் ஏற்றாது.

கட்டைக்கால் பொருத்தி, உட்கார்ந்து செய்கிற ஒரு தொழிலும் ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று வக்கீலம்மா சொல்கிறார். எனக்கும் ஆசையாக இருக்கிறது. மறைக்கவில்லை.

கோர்ட் கேட்காததை நான் உன்னிடம் கேட்கிறேன்: உண்மையைச் சொல்லவா, வேண்டாமா? நீ சொல்லு அக்கா. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்தேன்.

உன் அத்தானிடம் நீ எழுதியதைச் சொன்னேன். உட்கார்ந்து கேட்டார். "அவன் என்ன சொல்றானோ சொல்லட்டும். நான் இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு சாப்பிடுவதையே விட்டுவிட்டார். கம்பெனி அவருக்கு அடுத்த கப்பல் கொடுத்திருக்கிறது. கடைசி ஒப்பந்தமாக இருக்கலாம். வீட்டுக் கடன் இருப்பது உனக்குத் தெரியும். உன் மருமகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது, நாலு வருஷப் படிப்பு.

என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிச் சொல்கிறவனை யாரும் நம்புவதில்லை. நாங்களும் நம்புவதில்லை. எதிர்க்கட்சி வக்கீல் உன் கையெழுத்தைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவான். நீ ஜெயிப்பாய் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இவருக்கு வேலை போகும் என்பது மட்டும் உறுதி. வைத்தியமும் சாப்பாடும் டிக்கெட்டும் எப்படியும் கிடைக்கும் என்று நீயே எழுதியிருந்தாய். இங்கே வந்துவிட்டால் உனக்கு என்ன குறை? கீழ் அறையை உனக்கு ஒழித்துத் தருகிறேன். நான் இருக்கும்வரை நீ யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்காது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நான் எழுதுகிற எல்லா மறுப்புக் கடிதங்களும் இப்படித்தான் சரியாக இருக்கும்.

முன்பு சொன்னதிலேயே நில், தம்பி. 

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்யும் இடத்துக்கு மூன்று படி. அந்தக் கவுன்டர் பெண் வந்து தோள் கொடுத்தாள். மேலே நின்று பார்த்தபோது, அங்கே வைத்துப் பொய் சொல்ல வரவில்லை. காசு கேட்காமல் உள்ளே விட்டவர்கள். அதனால் கேள்வி ஆரம்பிப்பதற்கு முன்பே, வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீதிபதி வயதானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தப்பு யாருடையது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். சத்தியம் இன்னும் செய்திருக்கவில்லை. மேலே கேட்டால் சொல்ல அத்தான் கற்றுக்கொடுத்ததைச் சொன்னேன்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா கேட்டார், "யாராவது மெரட்டினாங்களா?"

"இல்லீங்க. வீட்ல பேசி முடிவு பண்ணிட்டோம்."

அவர் அடுத்த ஆளுடைய கோப்பைத் தேட ஆரம்பித்தார்.

சமையல்காரருக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. அவர் ஊரில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைக்கப் போகிறார். கல்லாவில் உட்கார ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறார். வரும் வாரம் அவரோடு போகிறேன். கம்பெனி டிக்கெட்டை அந்த ஊருக்கு மாற்றித் தந்துவிட்டார்கள். முகவரி இன்னும் தெரியாது.

கீழ் அறையில் மருமகளைப் படிக்கச் சொல்லு. வெளிச்சம் நன்றாக வரும். அத்தானைச் சாப்பிடச் சொல்லு.

தம்பி


செப்டம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

இல்லத்து முகவரிக்கே எழுதுகிறேன். வார்டன் உனக்குத் திருப்பி அனுப்புவார் என்று நம்புகிறேன். இதற்கு முன் போட்ட இரண்டும் வந்ததா?

உன் மருமகள் விடுதிக்குப் போய்விட்டாள். நீ சொன்னபடி கீழ் அறையில் படிக்கச் சொன்னேன். "அது மாமா ரூம்" என்று சொல்லிவிட்டு மாடியிலேயே படுத்துப் புரண்டாள்.

உன் அத்தான் அடுத்த மாதக் கடைசியில் கப்பல் ஏறுகிறார். போவதற்குள் கீழ் அறையைச் சரி பண்ண வேண்டும் என்று நாலு நாளாக அதே வேலையாக இருந்தார். குளியலறை வாசல் படியை இடித்துச் சமமாக்கினார். நீ வருவதாக எழுதவில்லையே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் காதில் விழுந்திருக்காது.

நேற்று, நீ பிடித்துக்கொண்டு நிற்பதற்காகக் குளியலறையில் கைப்பிடிக் குழாய் பொருத்தினார். சுவரில் ஓட்டை போடப் போகும்போது நான் வாசலில் நின்றேன்.

"ரெண்டு பக்கமும் போட்டுடலாமே" என்றேன்.

"வேணாம். ஒரு பக்கம் போதும். இடிச்சுக்குவான்."

"எந்தப் பக்கம்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. இத்தனை கடிதத்தில், எந்தக் கால் என்று நான் உன்னை ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். யாரையும் கேட்காமல் வலது பக்கச் சுவரில் துளை போட்டார். ஆறு திருகாணி. ஒவ்வொன்றையும் முறுக்கிவிட்டு, தன் முழுப் பாரத்தையும் குழாயில் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தொங்கச் சொன்னார். தொங்கினேன். அசையவில்லை.

உயரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் தெரியவில்லை. உன் இடுப்பு உயரத்தை நினைவில் வைத்துப் போட்டிருக்கிறார். அளவு மாறியிருந்தால் எழுது. அவர் போவதற்குள் மாற்றிவிடலாம்.

அக்கா